இடது ஓரத்துக்குப் போகும் பந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். கல்லூரிக் கால்பந்து அணியின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்து, யார் யாருக்குப் பந்தைத் தட்டினார்கள் என்று குறித்துத் தருவதுதான் இங்கே என் வேலை. இந்த வருடம் ஒன்பது ஆட்டம், ஒன்பதிலும் தோல்வி. நான் வந்த ராசி என்று கிண்டல் செய்கிறார்கள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். இடது ஓரத்தில் ஆடும் புதுப் பையன் பந்தை வாங்குவதே இல்லையென்று பயிற்சியாளர் அவனை நீக்கவிருந்தார். குறித்துப் பார்த்தால், எல்லோரும் அவனுக்குப் பத்தடி பின்னால், யாருமே இல்லாத இடத்துக்குத்தான் தட்டுகிறார்கள். குறித்த தாளைப் பயிற்சியாளரிடம் காட்டினேன்.

"போன வருஷம் செத்துப்போன பையன் நிக்கிற இடம்மா இது" என்றார்.

"பழக்கதோஷம் சார்" என்றேன்.

ஆனால் சனிக்கிழமை அங்கே போன பந்து ஒன்று நின்று, திரும்பி, தட்டியவன் காலுக்கே வந்தது. பதிவை ஏழு முறை ஓட்டிப் பார்த்தேன். மைதானத்தில் மேடு பள்ளம் இருக்கும், கவலைப்படாதீர்கள். "அத மட்டும் எழுதாத" என்றார் பயிற்சியாளர். நாளை முதல் புதுப் பையன் அந்த இடத்திலேயே நிற்க வேண்டுமாம்.

அம்மாவின் பழைய சால்வை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அவசரமாக முடிக்கிறேன். அந்தப் புதுப் பையன் என் அறை வாசலில் நிற்கிறான். வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்:

"நான் அங்க நின்னா, அவரு எங்க நிப்பாரு, அக்கா?"

உங்கள் மகள்