ஒரு குறையும் இல்லை

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? தையல் மெஷினை மிதிக்கிற காலுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னேனே, தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டில் அலமாரியில் அழகுக்கு நிற்கிறதா? நம் பெண் சொன்ன பேச்சைக் கேட்கிறாளா?

நான் நன்றாக இருக்கிறேன். ஆபீஸ் வேலை போக, சேவை அமைப்புகளுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர் குழுவின் கிளையை, மாற்றலாகி வந்த இந்த ஊரில் நான்தான் நடத்துகிறேன். போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு கூத்து. முதியோர் இல்லம் நடத்தும் ஓர் அம்மா, ‘உங்கள் தேவை என்ன’ என்ற இடத்தில், ‘கடவுள் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை’ என்று எழுதியிருந்தார். இல்லத்துக் கூரையோ ஒழுகுகிறது!

“குறையே இல்லேன்னா யாரும்மா பணம் குடுப்பாங்க?” என்றேன்.

“தெரிஞ்சவங்ககிட்ட கேக்கவே வாய் வரமாட்டேங்குது. தெரியாதவங்ககிட்ட எப்படிங்க கேக்கறது?” என்றார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர்கள் போனபிறகு, நாற்காலிகளை அடுக்கிவிட்டு அறையைப் பூட்டும்போதுதான் எனக்குச் சிரிப்பு அடங்கியது.

சொல்ல மறந்துவிட்டேன். எனக்கு இரண்டு சட்டை தைத்து அனுப்புங்கள். பழைய அளவில் இடுப்பை ஓர் அங்குலம் பிடித்துத் தையுங்கள். கடைச் சட்டைகள் எனக்குச் சரிப்படவில்லை, வேறொன்றுமில்லை.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் போனை அணைத்துவிடாதீர்கள். மெஷின் பக்கத்திலேயே வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குத் தையுங்கள். அந்தச் சத்தம் கேட்டால் போதும்.

மற்றபடி எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரி