பாவை அவிழ்த்த காலை

பிப்ரவரி 10, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. ஆரணிக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் தெருவையே பகைத்துக்கொண்டேன்.

நேற்று பேருந்து நிலையத்தில் ஒரு டிவிக்காரர் மைக்கை நீட்டி, தேர்தல் வருகிறதே, உங்கள் தெருவில் என்ன குறை என்று கேட்டார். சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்று கொட்டித் தீர்த்தேன். போகிற போக்கில், காலையில் தெரு நீளத்துக்குப் பட்டுநூலை இழுத்துக் கட்டித் தறிக்குப் பாவு போடுகிறார்கள், வண்டி எடுக்க முடியவில்லை என்றும் சொல்லிவிட்டேன். ராத்திரி டிவியில் அது மட்டும்தான் வந்தது. கீழே பெரிய எழுத்தில், ‘நெசவாளர்களால் பொதுமக்கள் அவதி’.

இன்று காலை நான் வண்டியைக் கிளப்பியதுமே எதிர்வீட்டு முருகேசன் பாதியில் பாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“வேணாங்க, நான் சுத்திப் போறேன்.”

“நீங்க போங்க சார். டிவில சொல்லிகினு இருந்தீங்களே. எங்களால உங்களுக்கு ஏன் பேஜாரு?”

அவர் மனைவி நிமிர்ந்தே பார்க்கவில்லை. நேற்றுவரை தினமும் “சாப்டீங்களா” என்று கேட்டவர். தலை குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன்.

சாக்கடை அப்படியேதான் கிடக்கிறது. இந்தத் தெருவில் தறி இல்லாத வீடு என்னுடையது ஒன்றுதான். டிவி சொன்ன அந்தப் பொதுமக்கள் நான் ஒருவன்தான்.