மிஷின் நின்றால் முழிக்கிறவருக்கு

ஏனுங்க,

சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்குது. நைட் ஷிப்டுக்குப் போறப்ப வயிறு முட்டச் சாப்புட்டுப்போடாதீங்க, மில்லுல கண்ணு சொருகும்.

ஞாயித்துக்கிழமை பூசையில நான் சிரிச்சதுக்கு இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க. பாட்டு நின்னு சர்ச்சே அமைதியானப்ப, தூங்கிட்டிருந்த நீங்க திடுக்குன்னு எந்திரிச்சு, “யாருப்பா மிஷினை நிறுத்துனது?”ன்னு கத்துனா யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஃபாதரே சிரிச்சாருங்க.

ஆனா நேத்துக் காலையில தூக்கக் கலக்கத்துல பைக்கை வீட்டுக் கேட்டுல இடிச்சுப்போட்டு வந்தீங்களே, அதுக்கு எனக்குச் சிரிப்பு வரலை. சாவியைத் தேடாதீங்க, என் பையில இருக்குது. இனி மில் பஸ்ஸுதான்.

ஷைலா

சொல்ல மறந்துபோட்டேன்: திரும்பி வர்றப்ப பஸ்ஸுல நல்லாத் தூங்குங்க. நம்ம ஸ்டாப்புல எஞ்சினை நிறுத்தச் சொல்லி டிரைவரண்ணன்கிட்டச் சொல்லியிருக்கேன். தானா முழிச்சுக்குவீங்க.