ஜிலேபி கெண்டை வாங்கித் தந்த டாக்டர் பட்டம்

காட்டூர், திருச்சி

அன்பு மகள் பெலிண்டாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் கருணையால் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஆஸ்டினும் கைக்குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்குப் பிஎச்.டி. கிடைத்ததைப் போனில் ஒரு வரியில் சொன்னேன், ஆனால் அவள் பக்கத்தில் நின்று போதும் போதும் என்று கையை ஆட்டினதால் நடந்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவின் ஆராய்ச்சி ஜிலேபி கெண்டையைப் பற்றியது என்று உனக்குத் தெரியும். ஆற்றுத் தண்ணீரில் மீனின் உடம்பிலிருந்து உப்பு கசிந்து வெளியே போய்க்கொண்டே இருக்குமாம், தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்குமாம், கடலில் அப்படியே தலைகீழாம். ஜிலேபி கெண்டை இரண்டிலும் பிழைக்கும். உப்புத் தண்ணீரிலிருந்து நல்ல தண்ணீருக்கு வந்ததும் அதன் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனை அதிகமாக விட்டு, இருக்கிற உப்பைப் பிடித்துவைக்கச் சொல்கிறது. நர்ஸான உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, இப்போது உன் குழந்தைக்குப் பால் சுரக்க வைப்பதும் அதே புரோலாக்டின்தானே. இந்த மீனை வைத்துக்கொண்டு அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. முதல் தடவை குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரினால் மொத்த மீனும் செத்து மிதந்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகாவது ஓய்ந்தாளா என்றால் இல்லை. ஏதோ ஒரு சந்தேகம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது, கல்லூரியில் பாடம் எடுத்து முடிந்ததும் மறுபடி மீன் தொட்டிகளிடம் போய்விடுவாள். அவளுடைய வழிகாட்டி அனுசுயா மேடமே, "கொடுத்தாச்சே ரோசரி, இன்னும் எதுக்கு இந்தப் பாடு" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்பதால் நானும் கடைசி வரிசையில் இருந்தேன். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் பீமராவ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, வலையில பிடிச்சு வேற தொட்டியில போட்டா எந்த மீனும் மிரளத்தான் செய்யும். ஹார்மோன் ஏறினது தண்ணி மாறினதாலயா, மிரண்டதாலயா, எப்படிச் சொல்றீங்க? உங்க ஆய்வேட்டுல அதுக்குப் பதில் இல்லையே" என்றார். அம்மாவின் பிஎச்.டி. பதிவுக் காலம் முடியப்போகிறது, திரும்பச் செய்யச் சொன்னால் அவ்வளவு வருஷமும் வீண்.

அம்மா பதறவில்லை. சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் இரண்டு கோடு வரைந்தாள். "எனக்கும் அதே சந்தேகம் வந்துச்சு சார். ஆய்வேட்டைக் கொடுத்ததுக்கு அப்புறம் செஞ்சு பார்த்தேன். பாதி மீனை நல்ல தண்ணிக்கு மாத்தினேன், பாதியை அதே மாதிரி வலையில பிடிச்சு உப்புத் தண்ணிக்கே மாத்தினேன். மிரட்சியில ஏறுற கார்டிசால் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல ஏறி இறங்கிடுச்சு. புரோலாக்டின் நல்ல தண்ணிக்கு வந்த மீனுக்கு மட்டும்தான் ஏறிச்சு" என்றாள். பீமராவ் எழுந்து பலகைக்குக் கிட்டே போனார், அளவுகளைக் கேட்டார், எத்தனை மீன் என்று கேட்டார், கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. கடைசியில், "நான் கேக்கறதுக்கு முன்னாடியே உங்களை நீங்களே கேட்டுட்டீங்க. இதுக்கு மேல எனக்குக் கேள்வி இல்ல, டாக்டர் ரோசரி" என்று கையைக் கூப்பினார். கேட்க வந்திருந்த அவளுடைய மாணவப் பிள்ளைகள் கைதட்டியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அம்மா கூட்டத்துக்கு நடுவில் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன், நானும் அழுதேன், எழுதுவதற்கு வெட்கமில்லை. அப்புறம் தில்லை நகரில் எல்லோரும் சாப்பிட்டோம், மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, பால் கொடுக்கும் உடம்பு, தண்ணீர் நிறையக் குடி, குளிரில் குழந்தையின் காதை மூடிவை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மறக்காமல், "டாக்டர் ரோசரி இருக்காங்களா?" என்று கேள். கோபப்படுவது போலப் பேசுவாள், நம்பாதே. நான் தினமும் காலையில் அப்படித்தான் காபி கேட்கிறேன், சிரித்துக்கொண்டேதான் கொண்டுவருகிறாள்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

உன் அப்பா,
சவரிநாதன்