ஐஸில் வைத்த போத்தல்

12.02.2007
கர்ப்பப்பை கழுவுவதற்கு மாமி டொக்டரிடம் நாள் எடுத்துவிட்டா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் சுபாங்கிக்கு நாலு வயதாகிறது, அடுத்த பிள்ளை தங்கவில்லை, ஆகவே பழுது எனக்குத்தானாம். ஒரு வருடமாய்க் காலையில் மாமி தருகிற கசாயத்தைக் குடிக்கிறேன். போதும். சாப்பாட்டு நேரம் சொல்லிவிட்டேன்: "முதல்ல இவரைச் சோதிக்கட்டும். பிறகு நான் மேசையில ஏறுறன்." மாமியின் அகப்பை சொதிச் சட்டியிலேயே நின்றது. இவர் எழும்பிப் போய்விட்டார்.

இந்தச் சண்டை நேரத்தில், மயக்கமருந்தில் நான் கிடக்கும்போது ஷெல் விழுந்தால் பிள்ளையை யார் தூக்குவது?

14.02
டவுன் லாபுக்குக் கம்பியூட்டர் வந்திருக்கிறது. முன்பு விந்தணுவைக் கண்ணால் பார்த்து எண்ணுவார்கள். இது விந்தணு ஓடுவதைப் படம் பிடித்து, ஒவ்வொன்றின் பாதையையும் கோடாகக் கீறி, வேகத்தையும் சொல்லுமாம். இவரிடம் சொன்னேன். இழுத்துக்கொண்டு போனாலும் கழுவப் போகமாட்டேன் என்றும் சொன்னேன். கடைசியில், "போத்தலை நீரே கொண்டு போறதெண்டால் ஓம்" என்றார்.

17.02
கொண்டு போனேன். உப்புவெளிச் செக்பொயின்றில் பெண் சிப்பாய் பிளாஸ்கைத் திறந்தாள். மருந்து என்று பொய் சொன்னேன்.
லாபில், திரையில் வெறும் புள்ளிகள். ஒரு கோடும் இல்லை. ஒன்றும் அசையவில்லையாம்.

18.02
இவர் சாப்பிடவில்லை. நான் வெல்லத்தானே நின்றேன் — வென்ற மாதிரி ஏன் இல்லை?

19.02
நம்பமாட்டேன் என்று திரும்ப லாபுக்குப் போனேன். சோதித்த ரபீக்கா, எதில் கொண்டுவந்தேன் என்று கேட்டாள். இவருக்கு, மீனை ஐஸ் போட்டு அடுக்குகிற மீன்வாடியில் வேலை. பழுதாகக் கூடாதென்று பிளாஸ்க் நிறைய ஐஸ் போட்டுத் தந்தவர். அவள் தன் தலையில் கை வைத்தாள். "அக்கா, இது பாரைமீன் இல்ல. உடம்புச் சூட்டோட, ஒரு மணித்தியாலத்துக்குள்ள வரணும்."
வீட்டில் சொன்னேன். இவர் முறைத்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாமி எட்டிப் பார்த்தா.

24.02
இம்முறை போத்தல் இவருடைய சேர்ட்டுக்குள். நான் பிள்ளையோடு பின்னால். செக்பொயின்றில் வரிசை நகரவே இல்லை. திடீரென்று இவர் வரிசையை விட்டு முன்னால் நடந்தார். சுடப்போறான், சுடப்போறான் — பிள்ளையின் முகத்தை என் வயிற்றில் அழுத்திக்கொண்டேன். இவர் தெரிந்த சிங்களத்தில் உரக்கச் சொன்னார்: இது என்னுடைய விந்து, பிள்ளைக்காகச் சோதிக்கப் போகிறேன், சுணங்கினால் செத்துப்போகும். சிப்பாய் போத்தலைப் பார்த்தான். போகச் சொன்னான். வரிசையில் யாரோ சிரித்தார்கள். இவர் திரும்பி, "சிரிக்கிறாக்கள் சிரியுங்கோ. எனக்கு நேரமில்லை" என்றார்.

திரையில் கோடுகள்! பாதிக்கு மேல் நின்ற இடத்திலேயே சுற்றின. கொஞ்சம் நேராக ஓடின. குறைவுதான், இவர் மருந்து எடுத்துப் பார்க்கலாம் என்றார் டொக்டர்.

25.02
"குறை என்னில அம்மா. அவவை விடுங்கோ." இவர் சொன்னது அவ்வளவுதான். மாமி எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போனா.

26.02
காலையில் கசாயக் கோப்பை இவருக்கு முன்னால் இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.