ஈரச் சுவரில் எண்ணெய்ப் பெயின்ட்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். நான் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும், இந்தத் தடவை அதை எழுதவில்லை. இடது புருவத்துக்கு மேல் நாலு தையல், இடது மணிக்கட்டில் கட்டு. உயிருக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே, முழுவதும் படித்துவிட்டு அப்புறம் போன் செய். பாதியில் நிறுத்திவிட்டு அண்ணனைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்காதே. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வரும், கடைசியில் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். இரண்டு வருஷமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு உள்ளே மட்டும் பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆனது, மேற்கொண்டு அனுப்ப வேண்டுமா என்று போன வாரம் கேட்டாய். சொல்கிறேன். பெயின்டர் வந்து பார்த்துவிட்டுக் கூடம், நடு அறை, என் அறை மூன்றுக்கும் சேர்த்து நாற்பத்தெட்டாயிரம் என்றார். உன் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது, பெயின்ட் விலை அதில் பாதிகூட வராதே, யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்று எகிறினான். அந்த மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசத் தெரியாதவர். மனைவியும் கூடவே வேலைக்கு வருகிறவள், அவள் சுரண்டித் தேய்த்துக் கொடுப்பாள், அவர் பூசுவார். அவர் சாவியால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், பொத்தென்று சத்தம் வந்த இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். நடு அறைச் சுவரில் மட்டும் பதினேழு வட்டம். பிறகு ஒவ்வொரு அறையிலும் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி விட்டுப்போனார். இரண்டு நாள் கழித்து வந்து பிரித்தால் தாளின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். இந்தச் சுவரில் பணம் பெயின்ட்டுக்குப் போகாதும்மா, ஈரத்துக்குத்தான் போகும் என்றார். பூஞ்சையைக் கழுவ வேண்டும், பழைய பூச்சைச் சுரண்ட வேண்டும், பதினைந்து நாள் ஜன்னலைத் திறந்துபோட்டு ஃபேன் ஓடவிட்டுக் காயவைக்க வேண்டும், அப்புறம்தான் பட்டி, பிரைமர், இரண்டு கை பூச்சு. ஒவ்வொரு கைக்கும் நடுவில் மறுபடி காத்திருக்க வேண்டும். குட்டிக்கு இழுப்பு வருகிறது, இந்தப் பூஞ்சை வீட்டுக்கு எப்படி அழைத்து வருவேன் என்று நீ கேட்டது என் காதிலேயே இருந்தது, அதனால் நான் சரி என்றேன். நீ அண்ணன் கணக்கில் போட்ட பணத்திலிருந்து பத்தாயிரம் முன்பணம் கொடுத்தோம். சுரண்டிக் கழுவிவிட்டு, காயட்டும் என்று சொல்லிப் போனார்கள்.

காயவிட்டானா உன் அண்ணன்? நாலாம் நாளே அவனுக்குப் பொறுமை போய்விட்டது. இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற அவன் கூட்டாளி ஒருவனிடம் மிச்சம் கிடந்த எண்ணெய்ப் பெயின்ட் ஆறு டப்பா வாங்கி வந்தான், இரும்புக்கு அடிக்கிற பளபளப்புப் பெயின்ட். ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நடு அறை முழுவதும் தீட்டிவிட்டான். நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றியது. அன்றைக்கு அவன் அனுப்பிய போட்டோவைத்தான் நீ பார்த்தாய், கண்ணாடி மாதிரி இருக்கிறது அண்ணா என்று எழுதி மீதிப் பணத்தையும் அனுப்பினாய். உன்மேல் தப்பில்லை, போட்டோவில் ஈரம் தெரியாது. பத்தே நாளில் சுவர் கொப்பளித்துவிட்டது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் தட்டு அளவுக்கு, சோற்றுப்பானை அளவுக்கு உப்பிக்கொண்டு நின்றது. ஒன்றை அவன் விரலால் குத்தினான், பழுப்புத் தண்ணீர் வழிந்தது.

பெயின்டரும் மனைவியும் சொன்ன தேதிக்குச் சரியாக வந்தார்கள். அவர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த எண்ணெய்ப் பெயின்ட்டை முழுக்க உரிக்காமல் எதுவும் ஒட்டாது, உரிக்க மட்டும் இன்னும் பதினெட்டாயிரம் ஆகும், அதற்கு மேல் மறுபடி பதினைந்து நாள் என்றார். பணம் எங்கே இருக்கிறது? உன் அண்ணன் அதைத் தின்றுவிட்டு ஏப்பமும் விட்டாயிற்று. சரி, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கலாம் என்று அவர் ஏணியில் ஏறி மேலே சுரண்டினார், அவள் கீழே சுரண்டினாள். சுரண்டுவதற்காக அங்கே மாட்டியிருந்த பெரிய காலண்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

இனிமேல் எழுதப்போவதை நான் உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காலண்டருக்குப் பின்னால் சுவரில் ஐந்து குழி இருக்கிறது. அதில் நாலு, மூடிய கை அளவு. அவன் வேலை பார்த்த டயர் கம்பெனியை மூடி அவன் வீட்டோடு வந்த புதிதில் சுவரைத்தான் குத்தினான். என்னை அடிக்காமல் சுவரை அடிக்கிறானே என்று நான் சந்தோஷப்பட்டேன், பார், என் புத்தியை. ஐந்தாவது குழி கொஞ்சம் பெரியது, என் தலை உயரத்தில் இருக்கிறது, அது எப்படி வந்தது என்று நான் எழுத வேண்டாம். வீடியோவில் பேசும்போது நான் எப்போதும் சமையல்கட்டிலேயே நின்று பேசுகிறேன், உட்காரவே மாட்டீர்களா என்று மாப்பிள்ளை கேலி செய்வாரே, அங்கேதான் வெளிச்சம் குறைவு, கன்னம் சரியாகத் தெரியாது.

அவள் குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். ஈரத்தில் விழுந்த பள்ளம் இல்லையேம்மா என்றாள். பீரோ நகர்த்தும்போது இடித்துவிட்டது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"என் மொத வீட்டுக்காரர் இருந்தப்போ எங்க வீட்லயும் இப்படி ஒரு பீரோ இருந்துச்சும்மா."

வாசற்படியில் உன் அண்ணன் நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. வந்தான், வாய்க்கு வந்ததை எல்லாம் அவளைச் சொன்னான், இங்கே எழுத முடியாது. அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் தள்ளினான். ஏணி மேலிருந்து அந்த மனிதர், அப்போதும் குரலை உயர்த்தாமல், "தம்பி, கைய எடு. அவ செவுரு இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இவன் அவளை விட்டுவிட்டு ஏணியை எட்டி உதைத்தான். ஏணி சறுக்கி அவர் தரையில் விழுந்தபோது வலது கை கீழே மாட்டிக்கொண்டது, காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்திருக்க விடாமல் உருளை மாட்டுகிற நீளக் கம்பை எடுத்து முதுகிலும் தோளிலும் அடித்தான், எண்ணவில்லை, ஆறு ஏழு இருக்கும். கம்பு முறிந்தது. முறிந்த துண்டால் இன்னும் ஓங்கினான். அப்போது அவள் சுரண்டிக்கொண்டிருந்த பட்டித் தகட்டால் இவன் முழங்கையில் ஓர் இழுப்பு இழுத்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் இவன் நின்றான். மற்றவர்கள் ரத்தத்தைப் பார்த்து நிற்காதவன், தன் ரத்தத்தைப் பார்த்ததும் நின்றான். நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கீழ் வீட்டு டீச்சர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். அவர்கள் வருவதற்குள் உன் அண்ணன் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான், அம்மா, என்னை உள்ளே போட்டுவிடுவார்கள் அம்மா என்று. இருபத்தாறு வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவள் நான், ஒரு தபாலில்கூடத் தேதியை மாற்றிக் குத்தியதில்லை. அன்றைக்கு என் கைப்பட எழுதிக் கொடுத்தேன், ஏணி வழுக்கி அவர் தானாக விழுந்தார், அவர் மனைவி கலவரப்பட்டு என் மகனைத் தகட்டால் வெட்டிவிட்டாள் என்று. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. இன்ஸ்பெக்டர் என் கையெழுத்தைப் பாராட்டினார். அதன்மேல் அவள்மீது வழக்குப் போட்டுவிட்டார்கள். புருஷன் கை ஒடிந்து ஆஸ்பத்திரியில், பெண்டாட்டி கோர்ட்டில். வருகிற புதன்கிழமை விசாரணை. எனக்கு அன்றிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் நல்ல மனநிலையில் இருந்தான், விசில் அடித்துக்கொண்டு சுவரை இழைத்துக்கொண்டிருந்தான். இதுதான் சமயம் என்று, அந்தப் பெண்மேல் உள்ள கேஸை வாபஸ் வாங்கிக்கொள்ளப்பா, பாவம் சும்மா விடாது என்றேன். திரும்பிப் பார்த்தான். பின்கழுத்தைப் பிடித்து என் முகத்தைச் சுவரில் மோதினான். கொப்புளம் ஒன்று என் கன்னத்தில் உடைந்து அந்த நாற்றத் தண்ணீர் வாய்க்குள் போனது. இரண்டாவது மோதலில் புருவம் கிழிந்தது. கையை முறுக்கினான். சின்னவளே, எனக்கு அப்போது பயமே இல்லை, அருவருப்புத்தான் வந்தது. வலது கை பட்ட இடத்தில் பாதி பெயின்ட்டோடு ஒரு டப்பா. ஒரு நாளைக்கு மூவாயிரம் முத்திரை குத்திய கை இது, உனக்குத் தெரியும். ஓங்கி அவன் முழங்காலில் இறக்கினேன். விழுந்தான். எழப் பார்த்தான், தோளில் இன்னொன்று போட்டேன். மூடி தெறித்து வெள்ளைப் பெயின்ட் அவன் தலை, என் சேலை, தரை எல்லாம் ஓடியது. மூன்றாவதற்கும் ஓங்கினேன், உண்மையைச் சொல்கிறேன், தலைக்குத்தான் ஓங்கினேன். அவன் என்னைப் பார்த்து அம்மா என்றான். கை தானாக இறங்கிவிட்டது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் இந்தக் கடிதத்தைச் சிறையிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். வெளியே போ என்றேன். நொண்டிக்கொண்டு போனான். படியிறங்கிய பிறகுதான் வீரம் வந்தது, கல்லை விட்டு இரண்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தான், உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்தினான். டீச்சரின் வீட்டுக்காரர் ஆள் அழைத்து வந்து பூட்டை மாற்றிக் கொடுத்தார்.

தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடைபாதை பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள், உள்ளே அவருக்குக் கையில் கம்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டு பழையபடி மடங்குமா என்பது ஆறு மாதம் போனால்தான் தெரியுமாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன்? தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகப் பார்த்தேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள், சேலையில் காய்ந்திருந்த பெயின்ட்டைப் பார்த்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால், காறித் துப்பியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. அவளுக்கு அழ நேரமில்லை.

இன்ஸ்பெக்டரிடம் போய் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லுங்கள், பொய் வாக்குமூலம் என்று உங்கள்மேலேயே திரும்பும், மகனுக்கு மூன்று வருஷமாவது கிடைக்கும் என்றார். யோசித்துவிட்டேன். புதன்கிழமை கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன். என் வளையல் இரண்டையும் விற்று அவர் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்துவிட்டேன், உனக்கென்று வைத்திருந்தவை, கோபித்துக்கொள்ளாதே. பணம் அனுப்ப வேண்டாம், அண்ணன் கணக்குக்கு ஒரு பைசாகூட வேண்டாம். நடு அறை உரித்தது பாதி, உரிக்காதது பாதி என்று கிடக்கிறது, இந்த விடுமுறைக்குக் குட்டியை அழைத்து வராதே, அடுத்த வெயிலுக்குப் பார்க்கலாம். அங்கேயும் ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதே, அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, ஒரு கை அளவு இடைவெளி விடு. குட்டியை ராத்திரியில் நெஞ்சு நிமிரத் தலையணை வைத்துப் படுக்கவை.

நீ நூறு வயது வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஒரு சொல் தடிக்காமல், குட்டி பெரியவளாகி உன் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. அண்ணன் உனக்குப் போன் செய்வான், அழுவான். அவன் அழும்போது நிஜமாகத்தான் அழுவான், நடிப்பு இல்லை, அதனால்தான் நான் இத்தனை நாள் ஏமாந்தேன். அம்மாவிடம் சொல்லிக் கதவைத் திறக்கச் சொல், கேஸை விடச் சொல் என்று கேட்பான். நீ என்னிடம் சிபாரிசுக்கு வராதே. நீ சொன்னால் நான் திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா