ஒன்பது பழைய கணினிகளும் ஒரு டெபியனும்

பெரிய காஞ்சிபுரம்,
9.10.2005

அன்புள்ள ஜோசுவாவுக்கு,

கோதண்டபாணி எழுதுவது. உன் மின்னஞ்சல் முகவரியை மூன்று வருடங்களுக்கு முன்பே கோபத்தில் அழித்துவிட்டதால் காகிதத்தில் எழுதுகிறேன். ஜெர்மனி முகவரியை உன் தங்கை ஷாரோன் தந்தாள். "அண்ணனைத் திட்டறதுக்கா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் தந்தாள். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்புட்குழிப் பள்ளிக்கு நீ வாங்கித் தந்துவிட்டுப் போன ஒன்பது பழைய கணினிகளும் ஓடுகின்றன.

நம் சண்டை எதற்கு என்று நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. முப்பத்திரண்டு மெகாபைட் நினைவகத்தில் ஓடும் சிறிய லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைத் தமிழ்த் தட்டச்சோடு செய்ய நினைத்தோம். ஏற்கெனவே தயாராகக் கிடைக்கும் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்துக்கொண்டு வேண்டாததைக் கழிக்கலாம் என்றாய். எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்து நாமே கட்ட வேண்டும் என்றேன். சென்னைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "வீடு கட்டச் சொன்னா சார் செங்கல் சூளை போடறாருப்பா" என்றாய். சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும்.

நீ போன பின் தனியாகவே கட்டினேன். பாலிடெக்னிக்கில் துறைத்தலைவர் பதவியை என்னிடம் படித்தவனுக்கே கொடுத்தார்கள். அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் கட்டினேன். ஆகஸ்டில் பள்ளிக்குக் கொண்டுபோனேன். ஒரு கணினிகூடக் கிளம்பவில்லை. என் வீட்டுக் கணினியின் புதிய செயலிச் சில்லுக்கென்றே எல்லா நிரல்களையும் தொகுத்திருந்தேன். பள்ளியில் இருப்பவை அதைவிட மிகப் பழையவை. முதலாண்டு மாணவன் செய்தால் நான் திட்டும் தவறு அது. தலைமையாசிரியை மணியம்மாள், காந்தி ஜெயந்திக்குள் ஓடவில்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன், எனக்கு அந்த அறை வேண்டும் என்றார்.

என் வீட்டுக் கீழ்ப்பகுதியில் தறி இருப்பது உனக்குத் தெரியும். செப்டம்பரில் ஒருநாள் அங்கே நீளவாட்டு இழைகளான பாவு முடிந்து, புதுப் பாவு பிணைக்க ரேணுகாம்பாள் வந்திருந்தாள். தறியில் கோத்திருந்த பழைய இழைகளின் முனையை விட்டுவைத்து, ஒவ்வொன்றோடும் ஒரு புது இழையைச் சேர்த்து விரலால் முறுக்கிக்கொண்டிருந்தாள். பழையதை உருவிவிட்டுப் புதிதாகவே கோத்தால் சுத்தமாக இருக்காதா என்று கேட்டுவைத்தேன். "இன்னா சார், ஆயிரக்கணக்குல இழை இருக்குது. அத்தனையும் உருவிட்டு மறுபடி கோத்துக்கினு இருந்தா, பொடவைய எப்ப நெய்றது? கோத்தது கோத்தபடி இருக்கட்டும்பா. நம்ம வேலை அதுக்கு அப்பால" என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மாடிக்குப் போய், நீ அன்று தந்து, உறை பிரிக்காமல் கிடந்த டெபியன் குறுந்தகட்டை எடுத்தேன். உனக்காக அல்ல என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடித்தளத்தை மட்டும் நிறுவினேன். யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்த மின்னஞ்சல் சேவை நிரலைக் களைந்தேன். கனமில்லாத ஒரு திரைச்சூழல், தமிழ் எழுத்துரு, அதன் மேல் நான் எழுதிய தமிழ் விசைப்பலகை நிரல். மூன்று வருடத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அது மாற்றமில்லாமல் அப்படியே பொருந்தியது.

செப்டம்பர் 29 அன்று ஒன்பதும் கிளம்பின. மணியம்மாள் தன் பெயரைத் தட்டிப் பார்த்து, "புள்ளியெல்லாம் சரியா விழுதே!" என்றார். திரும்பும் பேருந்தில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று!

நீ சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்லை. இரண்டையும் எழுதிவிட்டேன்.

செய்தவர்கள் பட்டியலிலிருந்து அன்று அழித்த உன் பெயரை மறுபடி சேர்த்திருக்கிறேன். இரண்டாவதாகத்தான். அகரவரிசை என்று வைத்துக்கொள்.

குறுந்தகடு ஒன்று இதோடு வருகிறது. ஓட்டிப் பார். பிழை இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது. குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். என் மின்னஞ்சல் முகவரி பழையதுதான். இத்தனை வருடத்தில் அதை நான் மாற்றவேயில்லை.

இப்படிக்கு,
கோதண்டபாணி